சிப்கோவின் அகமுகம்: ராமச்சந்திர குஹாவின் பகுப்பை முன்வைத்து

மரங்களைத் தழுவி வெட்டுதலைத் தடுத்த இமயமலை இயக்கமான சிப்கோ பற்றிய எந்த ஆய்வும் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவின் 1989ஆம் ஆண்டு நூலை எதிர்கொண்டே ஆக வேண்டும். கட்வால், குமாவோன் மலைமக்கள் காட்டுரிமைக்காக நடத்திய பழைய கிளர்ச்சிகளின் தொடர்ச்சியாகவே அவர் சிப்கோவைக் காண்கிறார். அதன் அகமுகம் உழவர் இயக்கம், புறமுகம் சூழலியல் இயக்கம் என்பது அவர் துணிபு. கீழைத்தேய ஞானம் மரத்தைத் தழுவியது என்று வெளியுலகம் மெய்சிலிர்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் திருத்தம் மிகவும் தேவைப்பட்டது. ஆயினும் இப்பகுப்பில் போராட்டக் களத்தில் நடந்த உண்ணாவிரதமும் பாராயணமும் வெறும் போராட்ட உத்திகளாகச் சுருங்கிவிடுகின்றன. இதை என்னால் ஏற்க இயலவில்லை.

1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்தில் நடந்ததற்கு குஹாவின் விளக்கம் முற்றிலும் பொருந்தும். ஏர்க்கருவிகள் செய்ய உள்ளூர் அமைப்பான தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் கேட்ட மரங்களை மறுத்த வனத்துறை, விளையாட்டுப் பொருள் தயாரிக்கும் வெளியூர் நிறுவனத்துக்கு அவற்றை ஒதுக்கியது. கோபேஷ்வரில் அச்சங்கம் நடத்திய ஆலைக்குப் பைன் பிசின் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பதும் அன்றைய மனக்குறைகளுள் ஒன்று. காட்டின் பயன் உள்ளூருக்கே என்பதுதான் வழக்கு.

டெஹ்ரி கட்வாலின் ஹேன்வல் பள்ளத்தாக்கில், அத்வானிக் காட்டில், 1977 இறுதியை ஒட்டி நடந்தது வேறு. மரங்கள் ஏலம் போயிருந்தன. இயக்க ஊழியர் தூம் சிங் நேகி காட்டிலேயே உண்ணாவிரதம் இருந்தார். மரத்தடியில் பாகவதக் கதை வாசிக்கப்பட்டது. பெண்கள் மரங்களுக்கு ராக்கி கட்டினார்கள். பட்டப்பகலில் விளக்கேற்றி வந்து, வன அதிகாரிக்குக் காட்டைப் பற்றிக் கற்பிக்க வந்ததாகச் சொன்னார்கள். காடு தருவன பிசின், மரம், வணிகம் என்பது அதிகாரியின் கூற்று. மண், நீர், காற்று என்பது பெண்களின் மறுமொழி. இந்த இரண்டு பட்டியல்களையும் மண்டல் கோரிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 1973இல் இயக்கமே கேட்டுநின்ற பிசின், சில ஆண்டுகளில் எதிர்த்தரப்பின் பட்டியலுக்குப் போய்விட்டது.

மண்டல் இருக்கும் சமோலியும் ஹேன்வலும் வெவ்வேறு வட்டாரங்கள், தலைமையும் வேறு. ஆகவே ஒரே மக்களின் மனமாற்றம் என்று இதைக் கொள்வதற்கில்லை. அத்வானி உரையாடலும் பெரும்பாலும் இயக்கத்தார், அவர்கள்பால் பரிவுடையோர் எழுத்து வழியாகவே நமக்கு வந்திருக்கிறது. அது நடந்த நாளை அறுதியிடவும் நான் முயலவில்லை. ஆனால் ஒரு செய்தியை எளிதில் ஒதுக்க முடியாது. அங்கே முன்னின்றவர் பச்னி தேவி. மரம் வெட்டும் உள்ளூர் ஒப்பந்தம் அவருடைய கணவரிடமே இருந்தது என்று சூழலியல் எழுத்தாளர் வந்தனா சிவா பதிவுசெய்கிறார். அரசுக்கும் உழவருக்கும் இடையிலான மோதல் என்ற சட்டகத்தில் இந்தக் குடும்பத்தை எங்கே வைப்பது? காட்டின் வருமானம் வீட்டுக்கு வரவிருந்த நிலையில் ஒரு பெண் அதை வேண்டாம் என்கிறார். இழந்த உரிமையை மீட்பதன்று இது, கைக்கு வந்ததைத் துறப்பது. துறவுக்கு அப்பள்ளத்தாக்கு மக்கள் அறிந்த மொழி விரதமும் கதையும்தான். அவற்றை வெளியாருக்குக் காட்டிய முகம் என்று எப்படிச் சொல்வது?

இத்துறவுக்கு ஒரு வரலாறும் உண்டு. காந்தியின் சீடர் சரளா பஹன் 1946இல் கௌசானியில் லட்சுமி ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கே பயின்ற விமலா, கட்சி அரசியலை விட்டுக் கிராமத்தில் குடியேறினால்தான் திருமணம் என்று, பின்னாளில் சிப்கோவின் முன்னணித் தலைவரான சுந்தர்லால் பஹுகுணாவிடம் நிபந்தனை விதித்தார். 1956இல் இருவரும் சில்யாராவில் ஆசிரமம் அமைத்தனர். சிப்கோவுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, காட்டுரிமை பற்றிய பேச்சே இல்லாமல், வாழ்க்கையை மாற்றிக்கொள்வது இவ்வட்டாரத்தில் பொதுப்பணியின் முதற்படியாகிவிட்டது.

ஒன்றை குஹாவின் பக்கம் நின்று சொல்ல வேண்டும். 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் பச்சை மரம் வெட்ட 1980களின் தொடக்கத்தில் வந்த தடை, மலைமக்களின் அன்றாடத் தேவைகளையும் நெருக்கியது. துறவை அரசாணையாக்கினால் சுமை யார் தலையில் விழும் என்ற கேள்விக்குப் பஹுகுணாவின் எழுத்தில் நிறைவான விடை இல்லை. ஹேன்வலில் வேறொரு விடை எழுந்தது. அத்வானிக் காலத்துச் சிப்கோ ஊழியர் விஜய் ஜர்தாரி 1980களின் பிற்பகுதியில் விதை காக்கும் இயக்கத்தில் இறங்கினார். ஜர்தார் கிராமத்தில் வேதியுரத்தைக் கைவிட்டு, கேழ்வரகு, தண்டுக்கீரைத் தானியம், பயறு வகைகள் எனப் பன்னிரண்டு வரை கலந்து விதைக்கும் ‘பாரஹ்நாஜா’ முறைக்குத் திரும்பினார்கள்.