புறம்போக்கு நிலமும் ஆக்கிரமிப்பும்

புறம்போக்கு என்பது தீர்வை விதிக்கப்படாமல், ஊர்ப் பொதுப் பயனுக்கோ அரசின் தேவைக்கோ ஒதுக்கப்பட்ட நிலம் ஆகும். ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல், களம், சுடுகாடு எனப் பயனுக்கு ஏற்ப இவை கிராமக் கணக்கில் பதியப்பட்டன. இன்று இச்சொல் வசையாக வழங்கினாலும், நிலமற்றவரின் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலும் ஊருக்கு நீரும் தந்தவை இந்நிலங்களே.

1905ஆம் ஆண்டுச் சட்டம்

சென்னை மாகாண அரசு 1905இல் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தை இயற்றியது. ஆக்கிரமிப்பாளரிடம் தீர்வையும் தண்டமும் வசூலிக்கவும், அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றவும் அது வழிசெய்தது. தண்டம் விதிக்கும் ஆணை 'பி மெமோ' எனப்பட்டது. வெளியேற்றம் நடவாத இடங்களில் தண்டம் மட்டும் ஆண்டுதோறும் கட்டப்பட்டது. அந்த இரசீதுகளே பின்னர் பட்டா கேட்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. ஆனால் தண்டம் கட்டியதால் மட்டும் நிலத்தில் உரிமை வந்துவிடாது.

நீர்நிலைகள்

ஏரி ஆக்கிரமிப்பு பெரும்பாலும் ஏரிக்குள் தொடங்குவதில்லை. முதலில் வரத்துக் கால்வாய் குறுகும். மழை பெய்தும் ஏரி நிரம்பாது. நீர் ஏறாத ஓரத்தில் முதலில் பயிரும் பின்னர் மனையும் வரும். அரசே ஏரிகளை மாற்றியதும் உண்டு. மாம்பலம் ஏரி 1920களில் தியாகராய நகர் ஆயிற்று. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாடு அரசு 2007இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது.

2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு

பஞ்சாபின் பட்டியாலா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஊர்க்குளத்தைத் தூர்த்து வீடுகள் கட்டப்பட்டன. விலை பெற்றுக்கொண்டு அவற்றை வரன்முறைப்படுத்த மாவட்ட அதிகாரி இசைந்தார். ஜக்பால் சிங் வழக்கு என்ற இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.1.2011 அன்று அதனை ஏற்க மறுத்தது. நெடுங்கால அனுபவமோ கட்டடச் செலவோ ஆக்கிரமிப்புக்கு நியாயமாகாது என்றது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நிலமற்ற தொழிலாளர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கு அரசு குத்தகையாக அளித்தவையும், பள்ளி, மருந்தகம் போன்றவை அமைந்தவையும் விலக்காகக் கருதப்படலாம் என்றும் கூறியது.

விளைவுகள்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர்வழிகளின் ஆக்கிரமிப்பு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. அதன்பின் அடையாற்றங்கரைக் குடிசைவாசிகள் பலர் அகற்றப்பட்டுப் பெரும்பாக்கம் முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. அங்கும் மழைக்காலத்தில் நீர் சூழ்கிறது. பொதுநிலத்தில் தங்கிய ஏழை முதலில் அகற்றப்படுவதும், அதே நீர்வழியில் எழுந்த பெருங்கட்டடங்கள் நிலைத்து நிற்பதும் இவ்வரலாற்றின் தீராத சிக்கலாகும்.