கேட்க ஆளில்லாத பெண்

சீனத் தேவலோகக் காதல் தொடர்களில் பெரும்புகழ் பெற்றது, 2017-இல் 58 பகுதிகளாக ஒளிபரப்பான ‘எடர்னல் லவ்’. தாங் சி என்ற பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. மூன்று பிறவிகளிலும் தொடரும் காதல் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது குலத்தின் கதையாகவே படுகிறது.

தன் நினைவும் ஆற்றலும் முடக்கப்பட்ட நிலையில், சூ சூ என்ற சாதாரண மானுடப் பெண்ணாக மலையில் தனித்து வாழ்கிறாள் நாயகி. தேவலோக இளவரசன் யே ஹுவாவை வானும் மண்ணும் சாட்சியாக மணக்கிறாள். நம் அகமரபு களவு என்று சொல்லும் உறவுக்கு நெருக்கமானது அது. கருவுற்ற அவளைத் தேவலோகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவளுக்கு மனைவி என்ற தகுதி இல்லை. செய்யாத குற்றத்துக்காக அவள் கண்களைப் பறித்து இன்னொருத்திக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டு அவள் மேடையிலிருந்து குதிக்கிறாள். குதித்ததும் தளை அறுகிறது. அவள் உண்மையில் நரிக்குல அரசன் மகள் பாய் சியென். பின்னர் அதே இளவரசனுக்கே நிச்சயிக்கப்பட்ட பெண்ணாக அவள் வரும்போது தேவலோகம் எழுந்து நிற்கிறது.

பெண் ஒருத்திதான், காதலும் ஒன்றுதான். மாறியது அவளுக்குப் பின்னால் நிற்கும் குலம் மட்டுமே. குடும்பத் தகுதி ஒத்திருக்க வேண்டும் என்ற பழைய சீனத் திருமண விதியைத் தொடர் கேள்வி கேட்பதுபோல் தொடங்கி, கடைசியில் அதற்கே பணிந்துவிடுகிறது.

ஓரிடத்தில் மட்டும் அது நம்மைவிட ஒரு படி முன்னே போகிறது. காளிதாசனின் சகுந்தலையும் சாட்சியில்லாமல் மணந்து, கருவுற்று, அரசவையில் மறுக்கப்பட்டவள். அங்கே மறந்தவன் ஆண். துர்வாசரின் சாபம் என்று சொல்லி அவன் பழியைத் துடைத்துவிடுகிறார்கள். இங்கே மறப்பவள் பெண். சாபத்தால் அல்ல, மருந்தைத் தானே கேட்டுக் குடித்து மறக்கிறாள். பத்தினி நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பழக்கப்பட்ட நமக்கு, மறதியைத் தன் முடிவாக எடுக்கும் பெண் புதியவள்.

2020 நவம்பரில் இந்திய அரசு தடைசெய்த 43 செயலிகளில் சீனத் தொடர்களைத் தந்த வீடிவியும் ஒன்று. ஆனாலும் இவ்வகைத் தொடர்கள் வேறு தளங்கள் வழியாகத் தமிழ் பேசி வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போன என் பழைய மாணவிகள் சிலர் கம்பெனிப் பேருந்தில் இவற்றைப் பார்க்கிறார்கள். சூ சூவின் கதையைப் பற்றிப் பேசியபோது ஒருத்தி சொன்னாள்: “அவளுக்குக் கேட்க ஆளில்ல மேடம். அதான் கண்ணப் புடுங்குறாங்க.”

அந்தப் பேருந்தில் இருப்பவர்களின் வரலாறும் அதுதான். 2006-இல் நோக்கியா ஆலை உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதியின் மின்னணு ஆலைகள் ஊரைவிட்டு வந்த இளம்பெண்களை நம்பியே நடக்கின்றன. சீனத்தின் பழங்கதை ஒன்றில் தேவலோகத்தில் நெசவு செய்யும் பெண் வருகிறாள். கல்யாணமானதும் தறியை மறந்தாள் என்று, வானரசன் அவளைக் கணவனிடமிருந்து பிரிக்கிறான். ஆண்டில் ஒரு நாள் மட்டும் சந்திப்பு. மணமான பெண் வேலைக்கு உதவாள் என்ற நினைப்பு அவ்வளவு பழையது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்கு மணமான பெண்களைத் தவிர்த்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி ஒன்றிய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் சட்டம் வேலைக்கு எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்றது.

அதற்கும் முன்பு, 2021 டிசம்பரில், அந்த ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றின் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்பா வரவில்லை, அண்ணன் வரவில்லை. ஒருத்திக்கு இன்னொருத்தி கேட்க ஆளானாள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார்.

கட்டில்களை எண்ணிவிட்டார்கள். கல்யாணமான பிறகும் அந்தப் பெண் வேலையில் இருப்பாளா, பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு எந்த ஷிப்ட் என்பதை யாரும் எண்ணிச் சொல்லவில்லை. சூ சூ பெரிய இடத்துப் பெண் என்று தெரிந்த பிறகுதான் தேவலோகம் வெட்கப்பட்டது. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களில் யாரும் அரசன் மகள் இல்லை.