திரை சொல்லும் போர்டு, கண்ணால் பார்க்கும் போர்டு

ரேம் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, “என்ன போர்டு?” என்றுதான். பதில் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. கணினியை ஓடவிட்டு அதனிடமே கேட்கலாம். இல்லையென்றால் அதை அணைத்து, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மதர்போர்டையே பார்க்கலாம்.

முதல் வழிக்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். விண்டோஸின் ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்தால் ‘பேஸ்போர்டு புராடக்ட்’ வரியில் பெயர் வந்துவிடும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளும் அதையே காட்டும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் இருக்கிறது. ஆனால் இவை எதுவும் போர்டை நேரில் பார்ப்பதில்லை. தயாரித்தவர் பயாஸில் எழுதிவைத்ததைத்தான் படித்துச் சொல்கின்றன. அவர் எழுதாமல் விட்டிருந்தால், ‘டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.’ என்ற வரிதான் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும். இந்தத் தகவல்கள் பல நேரம் குறையாகவோ தவறாகவோ இருக்கும் என்று டிஎம்ஐடிகோடின் கையேடே எச்சரிக்கிறது. அது காட்டும் ‘அதிகபட்ச ரேம் அளவு’ எண்ணை மட்டும் நம்பிப் பணம் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது வழியில் சிக்கல் வேறு மாதிரி. போர்டு முழுக்க எழுத்துகள். எது பெயர் என்று புதிதாகத் திறப்பவருக்குத் தெரியாது. பலர் ‘94வி-0’ என்பதைக் குறித்துக்கொண்டு தேடுகிறார்கள். அது தீப்பற்றும் தன்மைக்கான தரக் குறியீடு. எத்தனையோ நிறுவனங்களின் போர்டுகளில் அது இருக்கும். மாடல் பெயர் பெரும்பாலும் விரிவாக்க ஸ்லாட்டுகளுக்கு இடையிலோ ப்ராசஸருக்கும் ரேம் ஸ்லாட்டுக்கும் அருகிலோ பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கிகாபைட் போர்டுகளில் ஒரு மூலையில் ‘ரெவ்’ என்று தொடங்கும் எண்ணும் உண்டு. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே மாடலின் வெவ்வேறு ரெவிஷன்களுக்கு அந்த நிறுவனம் தனித்தனி ஆதரவுப் பக்கம் வைத்திருக்கிறது.

பெயரின் வால் வரை படிக்க வேண்டியதற்கு நல்ல உதாரணம் இன்டெல்லின் 12ஆம் தலைமுறை. அந்த ப்ராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும்; போர்டோ பொதுவாக ஒன்றைத்தான் ஏற்கும். ஆகவே ‘பி660’ என்று சிப்செட்டை மட்டும் சொன்னால் கடைக்காரரால் எந்த ரேமையும் எடுத்துத் தர முடியாது. ஏசுஸின் டஃப் கேமிங் பி660எம்-பிளஸ் டி4 என்ற பெயரில் கடைசியில் உள்ள ‘டி4’ தான் டிடிஆர்4 என்று சொல்கிறது. இரண்டு ரேமுக்கும் 288 பின்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது.

மென்பொருள் தெளிவாக வெல்லும் இடமும் உண்டு. ரேம் இப்போது எந்த வேகத்தில் ஓடுகிறது, இரட்டைச் சேனலில் இருக்கிறதா என்பதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் போர்டில் காண முடியாது. டிடிஆர்4-3200 ரேமுக்கு சிபியு-இசட் 1600 மெகாஹெர்ட்ஸ் அளவில் காட்டினால் பதற வேண்டாம். ஒரு சுற்றுக்கு இரு முறை தரவு போவதால் அந்த எண் பாதியாகத் தெரிகிறது.

டெல் மாதிரியான நிறுவனங்களின் முழுக் கணினிக்கு இரண்டு வழியும் அவ்வளவாக உதவாது. திரையிலும் போர்டிலும் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பாகக் குறியீடு மட்டுமே. கேபினெட்டில் ஒட்டியுள்ள சர்வீஸ் டேக்கை நிறுவனத்தின் தளத்தில் கொடுத்தால் எந்த ரேம், எத்தனை ஜிபி வரை என்ற விவரம் வரும்.

மற்றபடி, தனித்தனியாகப் பாகம் வாங்கிச் சேர்த்த கணினி என்றால் முதலில் திரையில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மின்வயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்து சரிபாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நான் அச்சைத்தான் எடுத்துக்கொள்வேன். திறந்த கையோடு காலி ஸ்லாட் எத்தனை என்று பார்த்து, பழைய ரேமின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தப் படத்தையும் காட்டலாம்.