கேசட் அட்டையில் மூணாவது கையெழுத்து

இந்த எபிசோட் ஒரு அட்டைப்பெட்டியில இருந்து ஆரம்பிக்குது.

போன பொங்கலுக்கு ராஜபாளையம் போயிருந்தேன். போகிக்கு முந்தின நாள் பரணைச் சுத்தம் பண்றப்போ அப்பாவோட கேசட் பெட்டி கீழே வந்தது. ஒரு நாற்பது கேசட் இருக்கும். "தூக்கிப் போட்டுருப்பா. இதுல இருக்கிற பாட்டெல்லாம் உன் போன்லயே இருக்குல்ல?" என்றார் அப்பா. உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எல்லாப் பாட்டும் ஆப்ல இருந்தது, இதைவிட சுத்தமான ஒலியில.

ஆனா ஆப்ல இல்லாத ஒண்ணு அந்தப் பெட்டியில இருந்தது. கேசட் டப்பாவுக்குள்ள மடிச்சு வைக்கிற கோடு போட்ட அட்டை. அதுல பாட்டு வரிசையைப் பேனாவால எழுதியிருந்தாங்க. பக்கம் ஏ அப்பாவோட கையெழுத்து. பக்கம் பி இன்னொருத்தரோடது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், அப்பாவோட சிநேகிதர். ரெண்டு ஊருக்கும் நடுவுல சுமார் 12 கிலோமீட்டர். ரெண்டு ஊர்ப் பசங்க ஒரே கேசட்டைப் பாதிப் பாதியா ஏன் எழுதணும்? அதைத் தேடிப் போனப்போ கிடைச்ச கதைதான் இன்னைக்கு.

கொஞ்சம் பின்னாடி போவோம். கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாட்டுகளைப் பதிவு பண்ணது 1902. அடுத்த முப்பது வருஷத்துல இசைத்தட்டு நம்ம ஊர்கள் வரைக்கும் வந்துருச்சு. ராஜபாளையத்துல இருந்து அதே ரோட்டில தெற்கே போனா தென்காசி, அதைத் தாண்டி செங்கோட்டை. எஸ். ஜி. கிட்டப்பாவோட ஊர். நாடக மேடையில அவரும் கே. பி. சுந்தராம்பாளும் பாடின குரல், நாடகம் ஊரைவிட்டுப் போன பிறகும் தட்டுல கேட்டது. கிட்டப்பா 1933-ல இறந்துட்டார், வயசு முப்பதுகூட ஆகல. தட்டு இருந்ததாலதான் அந்தக் குரல் நமக்கு மிச்சம்.

அந்தத் தட்டோட ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம்தான் ஓடும். கிராமபோன் பெட்டி வசதியானவங்க வீட்டில மட்டும்தான் இருக்கும். மத்தவங்களுக்குத் திண்ணையும் தெருவும்தான். யார் திண்ணையில யார் உட்காரலாம்ங்கிறதை அன்னைக்குப் பாட்டு முடிவு பண்ணல, ஜாதி முடிவு பண்ணுச்சு. "எல்லாரும் சேர்ந்து கேட்ட பொற்காலம்"னு யாராவது சொன்னா இதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கலாம்.

அடுத்து ரேடியோ. வீட்டில ரேடியோ வைக்க போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் எடுக்கணும். இன்னைக்கு இதை நம்புறதே கஷ்டம். 1952-ல ஒலிபரப்பு அமைச்சரா வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்குதுன்னு நினைச்சார். ஆல் இந்தியா ரேடியோவில சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட காணாமப் போச்சு. ஜனங்க என்ன பண்ணாங்க? ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போயிட்டாங்க. இலங்கை வானொலியோட தமிழ் ஒலிபரப்பு நம்ம தென் மாவட்டங்கள்ல நல்லாவே கேட்கும். டில்லி வேண்டாம்னு சொன்ன பாட்டு கொழும்பில இருந்து கடல் தாண்டி வந்தது. கடைசியில டில்லியே இறங்கி வந்து 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித் பாரதியை ஆரம்பிச்சது.

மார்கழியில கதை வேற. அதிகாலையில வானொலியில எம். எல். வசந்தகுமாரி பாடின திருப்பாவை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளோட பாட்டு எங்கேயோ பதிவாகி, காற்றுல ஏறி, திரும்ப அந்த ஊருக்கே வந்து சேரும். திருப்பாவையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு பொண்ணு தனியா நோன்புக்குப் போகல. வீடு வீடாப் போய்த் தோழிகளை எழுப்பிக் கூட்டிட்டுப் போறா. இதை மனசுல வைங்க, திரும்ப வருவோம்.

இப்போ கேசட். பிலிப்ஸ் கம்பெனி இதை 1963-ல பெர்லின் கண்காட்சியில காட்டுனாங்க. நம்ம ஊர்கள்ல அலை அடிச்சது 1970-களோட கடைசியிலயும் 80-கள்லயும். 1976-ல 'அன்னக்கிளி' வந்தாச்சு. 1978-ல 'ப்ரியா' பாட்டுகள் ஸ்டீரியோல வந்தாச்சு. இளையராஜா சகோதரர்கள் சென்னைக்குக் கிளம்புறப்போ அவங்க அம்மா வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு வித்துக் கொடுத்தாங்கன்னு அவரே மேடையில சொல்லியிருக்கார். ஒரு வீட்டு ரேடியோ போய், ஆயிரம் வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வந்த கதைன்னு இதைச் சொல்லலாம்.

தட்டுலயும் ரேடியோலயும் இல்லாத ஒரு விஷயம் கேசட்ல இருந்தது. பாட்டு வரிசையை நீங்களே முடிவு பண்ணலாம். அதுக்குத்தான் ரெக்கார்டிங் சென்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு சின்ன ரூம், சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு. நீங்க காலி கேசட்டையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுப்பீங்க. கடைக்காரர் ஒவ்வொரு பாட்டையும் ஓடவிட்டுப் பதிவு பண்ணுவார். நாலு நாள் கழிச்சு வாங்கிக்கலாம். காசு கொடுத்தா யாரோட லிஸ்ட்டும் பதிவாகும். திண்ணையில இடம் கிடைக்காதவங்களுக்கும் இங்க வரிசை உண்டு.

அப்பாவும் அவர் சிநேகிதரும் சந்திச்சது அப்படி ஒரு கடை வாசல்லதான். "உங்களுக்குள்ள ஒரே ரசனையா இருந்ததா?"ன்னு கேட்டேன். அப்பா சிரிச்சார். "ரசனை எல்லாம் அப்புறம். ஒரு கேசட்டுக்கு முழுசா காசு ரெண்டு பேர்கிட்டயும் இல்ல."

அதான் விஷயம். பாதிக் காசு, பாதி லிஸ்ட். இவருக்கு இளையராஜா, அவருக்கு எம்.எஸ்.வி. ஒரு வாரம் கேசட் ராஜபாளையத்துல, அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. கேசட்டை மாத்துறதுக்கே பஸ் ஏறிப் போவாங்க, இல்ல சைக்கிள்ல. நமக்குப் பிடிக்காத பக்கத்தைத் தாண்டி ஓட்டினா பேட்டரி தீரும், டேப் சிக்கும். அதனால முழுசாக் கேட்பாங்க. கேட்டுக் கேட்டு அடுத்தவர் பாட்டு நம்ம பாட்டாயிடும். ரெண்டு பேர் ரசனை ஒண்ணா இருந்ததால நட்பு வரல. ஒரு கேசட்டைப் பங்கு போட்டதால ரசனை ஒண்ணாச்சு.

கேட்கிற மெஷினும் அப்படித்தான். பிராண்டட் ஸ்டீரியோ எட்டாத விலை. ஊர் ரேடியோ மெக்கானிக் எஸ்.டி.கே. 4141 ஐ.சி. போட்டு ஆம்ப்ளிஃபயர் கட்டித் தருவார். பெட்டி பிளைவுட்ல. அதுக்கும் காசு இல்லன்னா மண்பானை வாய்ல ஸ்பீக்கரைக் கவுத்து வச்சிருவாங்க. பானைக்குள்ள அடைபட்ட காற்று ஸ்பீக்கரோட சேர்ந்து அதிரும், கீழ் ஸ்வரம் கனமாக் கேட்கும். எந்த அளவு பானை, வாய் எவ்வளவு அகலம்னு தெருவுக்குத் தெரு வாதம் நடக்கும். 1986-ல இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' வந்தப்போ, அதுல வர்ற வயலின் எந்தப் பானையில நல்லாக் கேட்குதுன்னு சண்டையே போட்டிருக்காங்க.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. ரெக்கார்டிங் சென்டர் பண்ணது சட்டப்படி தப்பு. 1957 காப்புரிமைச் சட்டத்துல 1984-ல திருத்தம் வந்தப்போ, திருட்டுப் பதிவுக்குக் குறைஞ்சது ஆறு மாசம் ஜெயில்னு ஆக்குனாங்க. பாட்டு எழுதினவங்களுக்கும், வாசிச்சவங்களுக்கும், பாடினவங்களுக்கும் அந்தக் கடையில இருந்து ஒரு பைசா போகல. நான் எழுதுற கோடை யாராவது அப்படி எடுத்தா எனக்குக் கோபம் வரும். அப்பா தலைமுறையோட ரசனை அந்தக் கடன்லதான் வளர்ந்தது. ரெண்டும் உண்மை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்க முடியாது.

எபிசோடை இதோட முடிக்கத்தான் நினைச்சேன். ஆனா பொங்கல் அன்னைக்கு அத்தை வந்தாங்க. கேசட் அட்டையைக் கையில வாங்கி, பக்கம் பி-யோட கடைசி வரியைக் காட்டினாங்க. "இது என் எழுத்து." பென்சில்ல, சின்னதா. நான் கவனிக்கவே இல்ல. 'உதிரிப்பூக்கள்' படத்துல ஜானகி பாடின பாட்டு.

"நான் கடைக்குப் போக முடியாது. அண்ணன் சீட்டுல எழுதிக் கொடுத்து விடுவேன். எப்பவும் கடைசியிலதான் போடுவாங்க. பாதியில டேப் முடிஞ்சிரும்."

நான் கணக்குப் போட்டேன். கேசட் டேப் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்துல ஓடும். அறுபது நிமிஷக் கேசட்ல ஒரு பக்கம் முப்பது நிமிஷம், சுமார் 86 மீட்டர் டேப். பாட்டு ஒண்ணுக்கு நாலரை நிமிஷம்னா ஆறு பாட்டு முழுசா நிற்கும். ஏழாவது பாட்டு மூணு நிமிஷத்துல அறுந்துரும். அத்தையோட பாட்டு ஏழாவது. இன்னும் அஞ்சு கேசட்ல தேடினேன். பென்சில் எழுத்து அஞ்சிலயும் இருக்கு, அஞ்சிலயும் கடைசி வரியில.

அப்பா அதுக்கு ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ தோணலம்மா" என்றார்.

தோழிகளை வீடு வீடா எழுப்பிக் கூட்டிட்டுப் போன பாட்டு பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கேயும் இங்கேயும், பாட்டு வரிசையை முடிவு பண்ற கடை வாசல்ல நின்னது பசங்க மட்டும்தான். அத்தையும் அவங்க தோழிகளும் என்ன கேட்டாங்க, எதுக்காகச் சண்டை போட்டாங்கங்கிறதுக்கு இருக்கிற சாட்சி அந்த ஏழாவது வரிதான். இந்தியக் கேசட் காலத்தைப் பத்தி பீட்டர் மானுவல் 1993-ல எழுதின 'கேசட் கல்ச்சர்' நல்ல புத்தகம், ஆனா அது பெரும்பாலும் வட இந்தியாவைப் பத்தினது. நம்ம ஊர் ரசனையோட வரலாறு பரண்ல, பேனாவிலயும் பென்சில்லயும் கிடக்குது.

அதனால ஒரு வேண்டுகோள். வீட்டுக் கேசட்டைத் தூக்கிப் போடுறது உங்க இஷ்டம். பாட்டெல்லாம் ஆப்ல இருக்கு. போடுறதுக்கு முன்னாடி அந்த அட்டையோட ரெண்டு பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைங்க. கடை முத்திரை, தேதி இருந்தா அதுவும் தெரியணும். அப்புறம் வீட்டுப் பெரியவங்களை உட்கார வச்சு, எந்த எழுத்து யாரோடதுன்னு கேட்டு எழுதி வைங்க. அம்மாவையும் அத்தையையும் முதல்ல கேளுங்க.

நான் அந்தப் பாட்டை போன்ல போட்டு, பழைய பானை ஒண்ணு தேடி அதுக்குள்ள போனை வச்சேன். அத்தை முழுசாக் கேட்டாங்க. மூணு நிமிஷம் தாண்டினப்போ அப்பாவைத் திரும்பிப் பார்த்தாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.