கம்பு மணியில் இரும்புச் சத்து: பட்டான்செரு ஆராய்ச்சி குறித்து ஒரு விசாரம்

விளைச்சல் ஒன்றையே நல்ல விதையின் இலக்கணமாகக் கொண்டு நெடுங்காலம் நடந்துவந்த பயிர் அபிவிருத்தி சாஸ்திரம், அவ்விதையின் பயனை உண்பவருடைய இரத்தத்தையும் தன் கணக்கிலே சேர்த்துக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். 1972-ல் ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் தோற்றுவிக்கப்பட்ட சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையமாகிய இக்ரிசாட், ‘ஹார்வெஸ்ட்பிளஸ்’ திட்டத்தோடு இணைந்து, கம்பில் இரும்பையும் துத்தநாகத்தையும் பெருக்க மேற்கொண்ட முயற்சி இதற்குத் தக்க உதாரணம். சத்து மிகுந்த தனி ரகம் ஒன்றைப் படைப்பதைக் காட்டிலும், சத்துக் குன்றிய ரகம் எதுவும் வெளிவராதபடி கீழ்வரம்பு ஒன்றை நிர்ணயிப்பதே நிலையான பிரயோஜனம் தரும் என்பதே அம்முயற்சியிலிருந்து நாம் பெறத்தக்க பாடம்.

இதன் அவசியத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 சதவீதத்தினர் சோகையுடையவர்கள். சோகைக்கு இரும்புக் குறை ஒன்றே காரணமன்றாயினும், முதன்மையான காரணங்களுள் அது ஒன்று. மாத்திரையை நாள்தோறும் நினைவு வைத்து விழுங்க வேண்டும். மணிக்குள்ளேயே இருக்கும் இரும்போ பசித்தவர் உண்ணும்போது தானே உடன் செல்லும்.

ஆனால் மணிக்குள் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அறிவது எளிதன்று. பட்டான்செருவின் செம்மண்ணுக்கு நிறத்தைத் தருவதே இரும்புதான். கதிரில் ஒட்டிய தூசி சிறிது கலந்தாலும், மண்ணின் இரும்பு மணியின் இரும்பாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே கதிரைத் தரையில் படாமல் அறுத்து, துணிப்பையில் இட்டு, உலோகத் துகள் சேராதவாறு மணி பிரித்து, பரிசோதனையில் அலுமினியத்தின் அளவையும் உடன் பார்க்கிறார்கள். மண்ணில் மிகுந்தும் மணியில் அருகியும் இருப்பது அலுமினியம். அது மிகுந்து தோன்றினால், அம்மாதிரியில் மண் கலந்திருக்கிறதென்று ஐயுற வேண்டியதே.

இவ்வளவு எச்சரிக்கையுடன் தேடியதன் பயனாகக் கிடைத்ததே ‘தனசக்தி’. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுக் கம்பிலிருந்து பட்டான்செருவில் உருவாகி, 1988 முதல் மகாராஷ்டிர விவசாயிகளிடம் பழகியிருந்த ‘ஐசிடிபி 8203’ என்னும் ரகத்தின் சந்ததிகளுள்ளே இரும்பு மிகுந்தவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றைத் தம்முள் இனங்கலக்கச் செய்து பெற்ற இவ்விதை, 2012-ல் மகாராஷ்டிரத்திலும் 2014-ல் நாடு முழுமைக்கும் அங்கீகாரம் பெற்றது. கிலோ ஒன்றுக்கு 71 மில்லிகிராம் இரும்பு கொண்ட இதில், மூல ரகத்தைவிட இரும்பு 9 சதவீதமும் விளைச்சல் 11 சதவீதமும் அதிகம். இவ்விரண்டனுள் விவசாயியின் கண்ணுக்குத் தெரிவது பின்னதே.

நம் வாதத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. இரும்பு கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் புலப்படாது, சந்தையில் அதற்கென்று தனி விலையும் இல்லை. விளைச்சலில் பின்தங்கிய விதையைப் பிறர் நலங்கருதி விதைக்குமாறு ஏழை விவசாயியிடம் கேட்பது தர்மமும் ஆகாது. மேலும், இக்காலத்தில் செல்வாக்குப் பெற்ற கலப்பின ரகங்களில் இரும்பு மிகவேண்டுமாயின், தாய் தந்தை இரு வரிசைகளும் இரும்பு மிகுந்தவையாய் இருத்தல் வேண்டும்; ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதில்லை. ஆகவே முயற்சி ஒரு ரகத்தோடு நில்லாமல் இனவிருத்தியின் அடித்தளம் முழுவதையும் தழுவியாக வேண்டும். 2018-ஐ ஒட்டி அகில இந்தியக் கம்பு ஆராய்ச்சித் திட்டம், வெளியிடப்படும் ரகங்களுக்கு கிலோவுக்கு இரும்பு 42, துத்தநாகம் 32 மில்லிகிராம் என்று வகுத்த வரம்பு இந்நோக்கில் மிகச் சிறந்தது. வழக்கிலிருந்த கலப்பினங்களின் சராசரியை ஒத்த அடக்கமான வரம்பேயாயினும், விவசாயியின் விருப்பத்தை எதிர்பாராமலே அது எல்லா வயல்களையும் எட்டுகிறது.

மணியில் உள்ளதெல்லாம் உடலில் சேருமா என்பது நியாயமான ஆட்சேபம். மணியிலேயே உள்ள பைட்டிக் அமிலம் இரும்பை உடல் ஏற்காதபடி பிணித்துவைக்கிறது என்பது உண்மை. எனினும் 2015-ல் வெளியான மகாராஷ்டிரப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில், இரும்புக் குறையுடையோருள் இரும்பு மிகுந்த கம்பை உண்டவர்கள் ஆறு மாதத்தில் அக்குறை நீங்கும் வாய்ப்பு, சாதாரணக் கம்பை உண்டவர்களைவிட 1.64 மடங்காயிற்று. கம்பைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும் நம் வீட்டு வழக்கமும் அவ்வமிலத்தைக் குறைப்பதே. கீரையும் பருப்பும் பழமும் கலந்த உணவே உத்தமம் என்பாரை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றை வாங்கும் சக்தி வரும்வரை ஏழையின் தட்டில் இருப்பது தானியமே.

இந்நெறி கம்போடு நின்றுவிடுதல் கூடாது. நாம் மிகுதியாக உண்பது அரிசி. அதன் இரும்பிற் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. ஆகவே இனி வெளிவரும் நெல் ரகம் ஒவ்வொன்றுக்கும் இரும்பு, துத்தநாக வரம்பு விதிக்கப்பட வேண்டும். அவ்வரம்பு நெல்லில் அன்றி, தீட்டிய அரிசியில் அளக்கப்படவும் வேண்டும்.