ஐஸ் ஸ்கேட்ஸ் போட்டால் காலில் கொப்புளம் வருவது ஏன்? தடுப்பது எப்படி?

பனியே விழாத மலேசியாவில் ஐஸ் ஹாக்கியா? ஆமாம். 2017-இல் கோலாலம்பூர் நடத்திய சீ விளையாட்டுப் போட்டியில்தான் ஐஸ் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. சன்வே பிரமிட் தளத்தில் சறுக்கிப் பழகிய ஜூலியன் யீ, 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் களமிறங்கி, அந்தப் போட்டியில் பங்கேற்ற முதல் மலேசியர்களில் ஒருவரானார்.

இன்று கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் வார இறுதியில் சறுக்கப் போகும் இளையோர் பலர். அவர்களில் நிறைய பேர் வீடு திரும்பும்போது கூடவே வருவது, குதிகாலிலோ கணுக்காலிலோ ஒரு கொப்புளம்.

"அட, சின்னக் கொப்புளம்தானே!" என்று விட்டுவிடலாமா? 1924-இல் அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், காலுறை போடாமல் டென்னிஸ் ஆடினான். கால் விரலில் கொப்புளம் வந்தது. அதில் கிருமி தொற்றி, இரத்தத்தில் பரவி, சுமார் ஒரே வாரத்தில் உயிரிழந்தான். அப்போது ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இல்லை. இப்போது இருக்கின்றன. ஆனால் கிருமி உள்ளே நுழையும் வழி இன்றும் அதேதான்.

கொப்புளம் எப்படி உருவாகிறது?

தோல் தேய்ந்துதான் கொப்புளம் வருகிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மை கொஞ்சம் வேறு. புறங்கையில் ஒரு விரலை அழுத்தி வைத்து, வழுக்க விடாமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தோல் விரலோடு போகிறது. அடியிலுள்ள எலும்பு அசைவதில்லை. ஸ்கேட்ஸுக்குள் நடப்பது இதன் மறுபக்கம்: தோல் காலுறையோடு ஒட்டி நிற்கும், எலும்பு உள்ளே அசையும். இடையில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் மீண்டும் மீண்டும் இழுபட்டு, ஒரு கட்டத்தில் பிரிகின்றன. அந்த இடைவெளியில் சுமார் 2 மணி நேரத்தில் நீர் நிரம்புகிறது.

வியர்வை இதை இன்னும் மோசமாக்கும். ஈரத் தோல் காலுறையோடு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். தளம் குளிராக இருந்தாலும், இறுகக் கட்டிய ஸ்கேட்ஸுக்குள் கால் வியர்க்கத்தான் செய்யும். தினமும் செருப்பு போட்டுப் பழகிய நம் கால்களுக்கு இவ்வளவு கடினமான பூட் புதிது என்பதும் ஒரு காரணம்.

தடுப்பது எப்படி?

முதல் வேலை, அளவு சரியா என்று பார்ப்பது. எழுந்து நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல்கள் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் அது உங்கள் அளவு இல்லை. கூச்சப்படாமல் வேறு ஜோடி கேளுங்கள். ஹாக்கி ஸ்கேட்ஸ் சொந்தமாக வாங்குவோர் கவனிக்க: வழக்கமான சப்பாத்தைவிட 1 முதல் 1.5 அளவு சிறியதாகத்தான் பெரும்பாலும் பொருந்தும். பல ஹாக்கி பூட்களைக் கடையிலேயே சூடாக்கி, உங்கள் காலின் வடிவத்துக்கு அமைத்துத் தருவார்கள்.

கயிறு கட்டும் முன் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும், பாதத்தின் நடுவிலிருந்து கணுக்கால்வரை இறுக்கமாகவும் கட்டுங்கள்.

தடித்த காலுறை பாதுகாப்பு தரும் என்பது தவறான எண்ணம். அது பூட்டின் அளவையே மாற்றிவிடும். வியர்வையை உறிஞ்சித் தேக்கி வைக்கும் பருத்தியும் வேண்டாம். விளையாட்டுக்கென விற்கும் மெல்லிய செயற்கை இழைக் காலுறை ஒரு ஜோடி போதும். நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கும் பேப்பர் டேப்பும் உதவும். 2016-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், 128 நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஓடும் முன்பே இந்த டேப்பை ஒட்டிக்கொண்டனர். ஒட்டிய இடங்களில் கொப்புளம் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. ஸ்கேட்ஸுக்கு குதிகாலிலும் உள் கணுக்கால் எலும்பின் மேலும் சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள்.

சறுக்கும்போது ஓரிடத்தில் சூடாக, எரிச்சலாகத் தெரிந்தால் அதுதான் எச்சரிக்கை மணி. "இன்னும் ஒரு ரவுண்டு" வேண்டாம். உடனே வெளியே வந்து டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

உடைக்காதீர்கள். மேலே உள்ள தோல்தான் கிருமியைத் தடுக்கும் மூடி. அதற்குக் கீழே 2 நாளில் புது அடுக்கு உருவாகத் தொடங்கி, சுமார் 5 நாளில் மேல்தோல் வரை வளர்ந்துவிடும். சோப்பும் நீரும் போட்டுக் கழுவி, ஹைட்ரோகொலாய்டு ஒட்டுப்பட்டை போடலாம். அல்லது நடுவில் துளை வெட்டிய பஞ்சுப் பட்டையைச் சுற்றி ஒட்டினால், அழுத்தம் கொப்புளத்தின் மேல் விழாது.

தானாக உடைந்துவிட்டால் தோலைப் பிய்க்க வேண்டாம். கழுவி, தோலை அப்படியே படியவைத்து, சுத்தமான கட்டுப் போட்டுத் தினமும் மாற்றுங்கள். பற்பசை, சமையல் மஞ்சள் தூள் இரண்டும் வேண்டாம். பெரிதாகி நடக்கவே முடியாத கொப்புளத்தின் நீரை எடுக்க வேண்டுமானால், அதை கிளினிக்கில் செய்துகொள்வதே பாதுகாப்பு.

எப்போது கிளினிக் போக வேண்டும்?

சீழ், பரவும் சிவப்பு, மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்.

நீரிழிவு, அதாவது நம் வீட்டில் சொல்லும் இனிப்பு நீர் உள்ளவர்கள், சின்னக் கொப்புளத்துக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலில் உணர்வு குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது; புண் ஆறவும் நாளாகும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அதனால் அப்பா, அம்மாவையும் சறுக்க அழைத்துப் போனால், ஸ்கேட்ஸைக் கழற்றியதும் அவர்கள் பாதங்களை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.