கடல் கடந்த ஹாலோவீன்

விழாக்களுக்கும் கால்கள் உண்டு. பிறந்த மண்ணை விட்டுப் பெயரும் மக்கள் சட்டி பானைகளைச் சுமந்து செல்ல இயலாத போதும் தம் விழாக்களைச் சுமந்தே செல்கின்றனர். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் கடைகடையாய்த் தேடிப் பொங்கல் வைக்கும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் மேலை நாட்டுச் சிறுவர் கொண்டாடும் ஹாலோவீனும் இவ்வாறு நடந்து வந்த விழாவே. பேய் வேடமும் பூசணி விளக்கும் வெறுங்கூத்து என நம் முதியோர் முகஞ்சுளிப்பதுண்டு. அக்கூத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

பண்டை அயர்லாந்தில் அறுவடை முடிந்து கூதிர் தொடங்கும் நாளைச் ‘சவ்வின்’ என்னும் பெயரால் கொண்டாடினர். அவ்விரவில் மறுவுலகின் வாயில் திறக்கும் என்பதைப் பழைய ஐரிஷ் கதைகள் கூறும். பின்னர்க் கிறித்தவம் பரவியது. 835இல் பிராங்கியப் பேரரசில் நவம்பர் முதல் நாள் அனைத்துப் புனிதர் திருநாளாக நிலைபெற்றது. அதன் முன்மாலை என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரே ‘ஹாலோவீன்’ எனச் சுருங்கிற்று. மறுநாளாகிய நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள். நம் தமிழ்க் கிறித்தவர் கல்லறைகளில் மலரிட்டு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளும் இதுவே. ஆகவே, இவ்விழாவின் ஒரு கிளை நம் ஊர்களிலும் நெடுங்காலமாகத் தழைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழையர் வீடுதோறும் செல்வர். வீட்டார் சிறு அப்பங்களை ஈவர். பெற்றோர் அவ்வீட்டில் இறந்தோர்க்காக இறைவனை வேண்டுவர். இல்லறத்தான் ஓம்பத் தக்கோருள் தென்புலத்தாரை முதலில் வைத்தவர் நம் வள்ளுவர். இறந்தோரை நினைக்குங்கால் இருப்போர்க்கு உணவளித்தல் என்னும் கருத்து இரு நாட்டிற்கும் பொதுவாதல் காண்க.

நண்பர் கூடி மகிழும் இரவாகவும் அது விளங்கிற்று. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் ‘ஹாலோவீன்’ என்னும் நெடும்பாட்டை எழுதி, அதன் வழக்கங்களுக்குக் குறிப்பும் வரைந்தார். இளையோர் கண்களை மூடிக்கொண்டு தோட்டத்திற் சென்று கீரைத்தண்டு ஒன்றைப் பிடுங்குவர். தண்டு நேராயின் வாழ்க்கைத்துணை நல்ல வடிவினர். வேரில் மண் ஒட்டியிருப்பின் சீதனம் உண்டு. தண்டின் சுவையே துணையின் குணம்! காதலர் இருவர் பெயரால் இரு கொட்டைகளை அடுப்பிலிடுவர். அவை அமைதியாய் ஒருங்கே எரிந்தால் இல்லறம் இனிக்கும். ஒன்று வெடித்துத் துள்ளினால் சிரிப்பொலி கூரையைப் பிளக்கும். நீர்த்தொட்டியில் மிதக்கும் ஆப்பிளைக் கைபடாது வாயாற் கவ்வுதலும், ‘பார்ம்பிராக்’ என்னும் பழரொட்டியில் மோதிரத்தை மறைத்துவைத்துக் கிடைத்தவர்க்கு விரைவில் மணம் எனக் குறிசொல்லுதலும் அயர்லாந்தின் விளையாட்டுகள். டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றுவதும் உண்டு.

இச்சிரிப்பின் நடுவே 1845இல் இடி விழுந்தது. உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்க, அயர்லாந்திற் பஞ்சம் மூண்டது. சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். வெறுங்கையராய் அமெரிக்கக் கரை சேர்ந்தோர் இம்மாலையின் நினைவை மட்டும் இழந்திலர். அங்கே பூசணிக்காய் மலிந்து கிடந்தது. பெரிதாகவும் குடைதற்கு எளிதாகவும் இருந்தது. கிழங்கின் இடத்தைக் காய் பெற்றது. கலம் மாறிற்றேனும் சுடர் மாறவில்லை.

புதிய மண்ணில் குறும்பும் வளர்ந்தது. மின்னெசோட்டா மாநிலத்து அனோகா நகரில் இளைஞர் அவ்விரவில் மாடுகளை அவிழ்த்துக் கடைத்தெருவில் விடலாயினர். ஊரார் அடக்குமுறையை நாடாமல், 1920இல் ஊர்வலமும் விருந்தும் நடத்தி அவ்விளைஞரையே விழாவின் பங்காளிகளாக்கினர். இரண்டாம் உலகப் போரின் சர்க்கரைக் கட்டுப்பாடு 1947இல் நீங்கியபின், சிறுவர் வேடமிட்டு வீடுதோறும் இனிப்புப் பெறும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. 1950இல் பிலடெல்பியாப் பகுதியில் மேரி எம்மா அல்லிசன் என்னும் அம்மையார் குடும்பத்தின் முயற்சியால் சிறுவர் சிலர் வேறொன்று கேட்டனர்: இனிப்பு வேண்டா, அயல்நாட்டுக் குழந்தைகளுக்காகக் காசு தருக என்றனர். பால் அட்டைப்பெட்டிகளில் அவர்கள் திரட்டிய தொகை 17 டாலர். ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்திற்கு அது சென்றது. பழைய அப்பத்தின் அறம் புது வேடத்தில் மீண்டும் வாயிலில் வந்து நின்றது!

இவ்வரலாறு நமக்குரைப்பது யாது? குடிபெயர்ந்தோரின் விழா, பொருள் மாறினால் அழிவதில்லை. பகிரும் கை மடங்கினால்தான் அழிகிறது. செங்கற்கட்டி அடுப்புக்கு மாறாக எரிவாயு அடுப்பில் பொங்கல் பொங்குகிறதே என நாம் வருந்த வேண்டுவதில்லை. பொங்கியதை அண்டை வீட்டார்க்கு அளிக்கிறோமா என்பதே வினா. நம் குழந்தைகள் நண்பரோடு கூடிப் பூசணி விளக்கேற்ற விரும்பின் தடுக்க வேண்டா. அதன் கதையைக் கூறி ஏற்றச் செய்வோம். அந்நண்பரைத் தைத்திங்கள் முதல் நாளில் நம் இல்லத்திற்கு அழைத்து, நம் கதையையும் கூறுவோம்.